கொத்தவரங்காய் வற்றல் என்று எழுதிக் கொடுத்தேன்

போன மாதம் விழுப்புரத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. பிள்ளைகள் தாங்களே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு கருவி செய்து, அளந்து பார்த்து, முடிவைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் நின்றால் போதும் என்பது பயிற்சியின் சாரம். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன் என்ற முறையில் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அரை மணி நேரம் என்று சொன்னார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்தபோது எனக்குப் பத்து நிமிடம் மிஞ்சியது. அந்தப் பத்தில் ஆறு, மைக் பேசாமல் போயிற்று. அறை முழுக்க அறிவியல் ஆசிரியர்கள். ஆளுக்கொரு காரணம் சொன்னோம். கடைசியில் மண்டபத்தைப் பெருக்குகிற அம்மா வந்து, பின்னால் சுவிட்ச் போடவில்லை என்று காட்டிவிட்டுப் போனார்.

மிச்சமிருந்த நான்கு நிமிடத்தில் நான் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. தேநீர் இடைவேளையில் கௌரி என்னிடம் வந்தாள். நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் இப்போது அறிவியல் எடுப்பவள். "சார், எங்களுக்கு மோட்டாரு, சென்சாரு எல்லாம் வெச்சுப் பெட்டி பெட்டியா கிட் குடுத்துக்கினு இருக்காங்க. உங்க காலத்துல ஒண்ணும் கெடையாதே. என்னாதான் செஞ்சீங்க?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் கொஞ்சம் இரக்கமும் கொஞ்சம் சந்தேகமும் இருந்தன. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். எழுதுகிறேன்.

நான் படித்தது இயற்பியல். பி.எட். பயிற்சியில் முப்பட்டகம் பற்றி நான் எடுத்த மாதிரி வகுப்புக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. வானவில் படத்தை வண்ண வண்ணமாக வரைந்து கொடுத்தது என் அக்கா. முப்பட்டகத்தை நான் கையால் தொட்டதில்லை. அது பூட்டிய பீரோவில் இருந்தது, நான் வெளியில் இருந்தேன். அந்தப் பழக்கத்தோடுதான் பனமலைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். எதையும் படமாக வரைவேன். காந்தம் வரைவேன், காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூளும் வரைவேன். பிள்ளைகளும் அழகாக வரைவார்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் நோட்டுகளைப் பார்த்துவிட்டுப் பாராட்டுவார்கள்.

ஒரு நாள் தலைகீழ்க் குழாய், அதாவது சைஃபன், நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்பிலிருந்த ஒரு பெண்ணின் அப்பா. பள்ளிக்குப் பின்னால் அவருக்கு நிலம். பாடம் முடிந்ததும், "சார், மேட்டுக் கழனித் தண்ணிய வரப்புக்கு மேல ஏத்தி அந்தாண்ட பள்ளத்துல உடணும். நீங்க இப்ப சொன்னதுதானே அது, வந்து போட்டுக் குடுங்களேன்" என்றார். வகுப்பு மொத்தமும் என் பின்னால் வந்தது. நான் குழாயின் ஒரு முனையைத் தண்ணீரில் போட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினேன். காற்று வந்தது. இன்னும் பலமாக உறிஞ்சினேன். அந்தக் கழனியில் முந்தின நாள்தான் எரு போட்டிருந்தார்கள் என்பது வாய் நிறைந்த பிறகு தெரிந்தது. குழாய் மட்டும் ஓடவில்லை. அவர் குழாயை வாங்கி, முழுவதையும் தண்ணீரில் அமுக்கிக் குமிழி போகும்வரை வைத்திருந்து, ஒரு முனையைக் கட்டைவிரலால் மூடி வெளியே எடுத்து, பள்ளத்தில் விட்டார். தண்ணீர் ஓடியது. "நீங்க படத்துல போட்டதும் இதுதான் சார்" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். பிள்ளைகள் அன்று சிரித்ததுபோல என் வகுப்பில் அதற்கு முன் சிரித்ததில்லை. அந்த வாரத்திலிருந்து சாக்பீஸைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

சில வருடங்களில் மாற்றலாகி மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு வந்தேன். வீடு திண்டிவனத்தில். கடலோர மீனவக் குப்பங்களிலிருந்து பாதிப் பிள்ளைகள் வருவார்கள். உள்ளே தள்ளி இருக்கும் விவசாய ஊர்களிலிருந்து பாதி. தலைமையாசிரியை பத்மாவதி அம்மா. சொந்த ஊர் மேல்சித்தாமூர்; தமிழ்ச் சமணக் குடும்பம். பேசும்போது குரல் உயராது. கோபம் வந்தால் இன்னும் தாழும். அவர் நம் பக்கம் சாய்ந்து மெல்லப் பேச ஆரம்பித்தால், ஆசிரியர் அறையில் மற்றவர்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள்.

ஆய்வகச் சாவி அவரிடம்தான். வாங்குவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். காலை மணி அடிப்பதற்குள் கால் தாளில் மூன்று வரி எழுதி அவர் மேசையில் வைக்க வேண்டும். இன்று என்ன செய்யப் போகிறோம், என்ன பொருள் வேண்டும், எது உடையலாம். பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, சீட்டைக் கோப்பில் குத்திவிட்டுச் சாவியைத் தருவார். முதல் தடவை நான் மூன்றாவது வரியில் 'எதுவும் உடையாது' என்று எழுதினேன். சீட்டைத் திருப்பித் தள்ளினார். "ஒண்ணும் உடையாதுன்னா நீங்க எடுத்துக் காட்டிட்டு உள்ள வெச்சுடப் போறீங்கன்னு அர்த்தம். அதுக்கு எதுக்கு சார் சாவி? இங்க நின்னே காட்டுங்க, நானும் பாக்கறேன்" என்றார். நான் 'சோதனைக் குழாய் இரண்டு' என்று எழுதிக் கொடுத்துச் சாவி வாங்கினேன். மூன்று உடைந்தன. ஒன்று கூடப் போயிற்று என்று சொன்னபோது, "எழுதறதுல பழகிக்குவீங்க" என்றார்.

ஒரு முறை ஆய்வகத்தில் தேள் வந்துவிட்டது. நான் செருப்பைக் கழற்றினேன். அவர் பீக்கரைக் கவிழ்த்து, அட்டையை அடியில் செருகி, தேளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தார். எறும்பு ஊர்ந்த மேசையில் கையெழுத்துப் போட மாட்டார், ஊதிவிட்டுக் காத்திருப்பார். இப்படிப்பட்டவரிடம்தான் நான் கொத்தவரங்காய் வற்றல் என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்த வருடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டிலே ஒரு தொல்லையைப் பார்த்து வாருங்கள், அதற்கு ஏதாவது செய்து பார்ப்போம் என்று சொல்லியிருந்தேன். மறுநாள் பாதிப் பேர் புவி வெப்பமடைதலைக் கொண்டுவந்தார்கள். வீட்டிலே எங்கே பார்த்தாய் என்றால் விழித்தார்கள். குப்பத்துப் பெண் சங்கீதா மட்டும் எழுந்து, அவள் அம்மா அஞ்சலை மணலில் கருவாடு காய வைப்பதைச் சொன்னாள். மணல் ஒட்டுகிறது, திண்டிவனம் சந்தையில் வாங்குகிறவர்கள் பல்லில் மண் கடிக்கிறது என்று ஏசுகிறார்கள், மழை வந்தால் அள்ளி ஓட வேண்டியிருக்கிறது. நான் துள்ளிக் குதித்தேன். என்னிடம் இருந்த ஒரு புத்தகத்தில் சூரிய வெப்ப உலர்த்திப் பெட்டி என்று ஒரு படம் இருந்தது. மரப்பெட்டி, உள்ளே கறுப்பு வண்ணம், மேலே கண்ணாடி. பழைய கதவுப் பலகையையும் உடைந்த ஜன்னலின் கண்ணாடியையும் வைத்துப் பிள்ளைகளோடு செய்து முடித்தேன். மொட்டை மாடியில் வைத்தோம். மறுநாள் சங்கீதா ஒரு கூடை நெத்திலி கொண்டுவருவதாகப் பேச்சு.

காலையில் சீட்டு எழுத உட்கார்ந்தேன். பேனா நின்றுவிட்டது. பள்ளி மாடியில் மீன் என்று அந்த அம்மாவுக்கு எப்படி எழுதுவது? வேண்டாம் என்பார், அதைச் சொல்ல அவருக்கும் சங்கடம், கேட்க எனக்கும் சங்கடம். இருவருக்கும் அந்தச் சங்கடத்தை மிச்சப்படுத்துவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு, 'உலர்த்திப் பெட்டி, கொத்தவரங்காய் வற்றல், உடையக்கூடியது கண்ணாடி' என்று எழுதினேன். பச்சை மையில் கையெழுத்து விழுந்தது. நெத்திலி மாடி ஏறியது.

அன்று மாலையே, "வத்தல் எப்படி இருக்கு சார்?" என்று கேட்டார். காய்ந்துகொண்டிருக்கிறது என்றேன். மறுநாளும் கேட்டார். மூன்றாம் நாள், "காஞ்சா கொஞ்சம் குடுங்க. எங்க வீட்ல அவருக்கு கொத்தவரங்கா வத்தல்னா உசுரு" என்றார். நான் வீட்டுக்குப் போய் மனைவியிடம் நிலைமையைச் சொன்னேன். மேலிருந்து கீழாக ஒரு முறை என்னைப் பார்த்தாள். "முப்பது வருஷம் சயின்ஸ் படிச்சு வத்தல் திருட்டுல வந்து நிக்கிறீங்க" என்றாள். ஆனாலும் போன கோடையில் போட்டு வைத்திருந்ததில் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். நான்காம் நாள் காலையில் அதைத் தலைமையாசிரியை மேசையில் வைத்தேன். "பெட்டியில காஞ்சதா? பரவாயில்லியே" என்று பிரித்து முகர்ந்து பார்த்தார். திரும்பினால், வருகைப் பதிவேட்டை வைக்க வந்த சங்கீதா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

மாடியில் நெத்திலியோ காயவில்லை. முதல் நாளே கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தது. அதை நான் ஒரு நல்ல அறிகுறி என்று பிள்ளைகளிடம் விளக்கினேன். மீனிலிருந்து நீர் வெளியேறுகிறதாம். வெளியேறிய நீர் எங்கே போகும் என்று ஒருத்தியும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அஞ்சலை தன் மீன் என்ன ஆயிற்று என்று பார்க்கப் பின்பக்கப் படியில் ஏறி வந்தார். கண்ணாடியைத் தூக்கியதும் இரண்டு எட்டு பின்னால் போய்விட்டார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"சாரு, காய வெக்கிறேன்னீங்க. வேவ வெச்சிருக்கீங்க."

வெயில் நன்றாகத்தானே அடித்தது என்றேன். "வெயில்ல எங்க சார் காயுது. காத்துல இல்ல காயுது" என்றார். அவர் போன பிறகும் அந்த வாக்கியம் மாடியிலேயே நின்றது. நான் இயற்பியல் பட்டதாரி. ஆவியாதலைப் பாதிக்கும் காரணிகள் என்று வருடம் தவறாமல் நடத்துகிறவன். அதில் இரண்டாவது காரணி காற்று.

நான்காம் நாள் மதியம் மேலைக்காற்று திரும்பியது. மாடியில் இருந்தது படியிறங்கி வகுப்புகளுக்குள் வந்தது. விவசாய ஊர்ப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள். தீபா என்ற பெண் தன் பெஞ்சைச் சங்கீதாவின் பெஞ்சிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டாள். பின்னாலிருந்தவர்களும் தள்ளிப் போட்டார்கள். நான் அதட்டினேன். அதட்டியதில் பெஞ்சுகள் திரும்பி வந்தன, முகங்கள் வரவில்லை. பத்மாவதி அம்மா தன் அறையிலிருந்து வந்து மாடிப்படியின் கீழே நின்றார். ஏறவில்லை. அண்ணாந்து ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. சாயந்திரமும் கேட்கவில்லை. பெட்டியைக் காலி செய்து குழி தோண்டிப் புதைத்தோம்.

மறுநாள் சங்கீதா வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு வேளையில் நான் குப்பத்துக்கு நடந்தேன். வலை பின்னும் கொட்டகை நிழலில் தாயும் மகளும் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை எழுந்து எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். மீன் வீணானதற்கு மன்னிப்புக் கேட்டேன். அது கடலில் தினம் நடப்பதுதான் என்று தள்ளிவிட்டார். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள், நீங்களே கேளுங்கள் என்றார்.

வகுப்பில் மூக்கைப் பிடித்தவர்களைக் கண்டித்துவிட்டேன், இனி யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று நான் ஆரம்பித்தேன். சங்கீதா தலை நிமிராமல் மீனைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"அவளுங்க புடிச்சதுக்கு நான் ஒண்ணும் அழுவலை சார். சின்ன வயசுலேருந்து புடிச்சிக்கினுதான் இருக்காளுங்க. நீங்க மேடம் கிட்ட கொத்தவரங்கான்னு குடுத்தீங்க இல்ல. எங்க மீன சொல்றதுக்கு உங்களுக்கே வெக்கமா இருந்தா, அவளுங்களுக்கு எப்பிடி இருக்கும்?"

அஞ்சலை, பெரியவர்களிடம் இப்படியா பேசுவது என்று அவளை அடக்கினார். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். நாளைக்குக் காலையில் மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் வர வேண்டுமா வேண்டாமா என்று நீ முடிவு செய் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். திரும்பி நடக்கும்போது எனக்கு வயது திடீரென்று கூடியதுபோலவும், அதே நேரம் ஒன்பதாம் வகுப்பில் தப்புச் செய்து மாட்டிக்கொண்டவன்போலவும் இருந்தது.

மறுநாள் பத்மாவதி அம்மா முன்னால் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. முழுவதையும் சொன்னேன். அவர் கோப்பைத் திறந்து, குத்தியிருந்த சீட்டுகளைப் புரட்டி, என்னுடையதை எடுத்து மேசையில் வைத்தார். குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது. கேட்க நான் குனிய வேண்டியிருந்தது.

"நான் மீனுன்னா வேணாம்னு சொல்லிடுவேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

ஆமாம் மேடம் என்றேன்.

"சொல்லியிருப்பேனோ என்னமோ, எனக்கே தெரியல சார். ஆனா நீங்க என்னைக் கேக்கவே இல்லியே."

வற்றல் என் வீட்டில் போட்டது என்றும் ஒப்புக்கொண்டேன். "அது அன்னிக்கே தெரியும். பள்ளிக்கூடத்து மாடியில காஞ்ச வத்தல்ல மோர் வாசனை எங்கேருந்து வரும்?" என்றார். சிரிக்கவில்லை. சாப்பிட்டதாகவும், உப்பு கொஞ்சம் தூக்கல் என்றும் என் மனைவியிடம் சொல்லச் சொன்னார். பிறகு ஒரு கால் தாளைக் கிழித்து என் பக்கம் தள்ளி, இன்றைய தேதிக்குப் புதிதாக எழுதச் சொன்னார். நெத்திலி என்று எழுதினேன். சத்துணவுக்கூடத்துப் பக்கம் கொண்டுபோகக் கூடாது, மாடியில் கடல் பார்த்த மூலையில்தான் வைக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எடை போடப் புதிதாக வந்திருக்கும் எலக்ட்ரானிக் தராசு வேண்டும் என்றேன். அதற்கு அவரே உறை தைத்துப் போட்டு வைத்திருந்தார். கொஞ்சம் யோசித்தார். "அத நானே கொண்டாறேன்" என்றார்.

சங்கீதா வந்தாள். அஞ்சலையின் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, இது சரியா தவறா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று வகுப்பைக் கேட்டேன். இந்தத் தடவை புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். பிள்ளைகளே நான்கு வழி சொன்னார்கள். மூடிய பெட்டி ஒன்று. அடியில் மட்டும் துளை போட்டது ஒன்று. அடியிலும் மேலேயும் துளை போட்டு, காற்று மேலே போகக் குழாய் வைத்தது ஒன்று. நான்காவதாகப் பெட்டியே இல்லாமல், நான்கு கழிகளில் பழைய வலையைக் கட்டி அதன்மேல் பரப்பியது. நான்காவதைச் சொன்னது தீபா. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே சார் என்றாள். சங்கீதாவிடமிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துதான் சொன்னாள், ஆனால் சரியாகச் சொன்னாள்.

முதல் எடை போடும் நேரம் பத்மாவதி அம்மா தராசை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார். மேசையில் வைத்து, மட்டம் பார்த்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு அதற்கு நேர் எதிரே உட்கார்ந்தார். சங்கீதா மீன் தட்டோடு தயங்கி நின்றாள். "வெய்ம்மா. நான் தொட மாட்டேன், அது எங்க வழக்கம். எண்ணு படிக்கறதுல எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். தீபாவைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று எழுதச் சொன்னார். சங்கீதா தட்டை வைத்தாள். அவர் எண்ணைப் படித்தார். தீபா எழுதினாள். வகுப்பு முழுவதும் தராசைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தது. அவருடைய கைக்குட்டை மடித்தபடி மடியிலேயே இருந்தது. நான்கு தட்டும் முடியும்வரை அது எழவில்லை. அதற்கப்புறம் யார் மூக்கைப் பிடிப்பது?

காலை, மதியம், மாலை என்று ஒரு வாரம் இப்படி நடந்தது. ஒரு வேளையும் அவர் தவறவில்லை. பழகிவிட்டது போலிருக்கிறதே மேடம் என்று ஒரு நாள் அசட்டுத்தனமாகக் கேட்டேன். "பழகல சார். வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊத்திக்கிட்டுத்தான் பச்சத் தண்ணி குடிக்கிறேன்" என்றார், எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முடிவு எனக்குப் பெரிய அடி. மூடிய பெட்டி மறுபடி மீனை வேக வைத்தது. குழாய் வைத்த பெட்டி நன்றாகக் காய வைத்தது. ஆனால் ஒன்றுமே இல்லாத வலை, அதைவிட ஒரு மணி நேரம்தான் பின்தங்கியது. மதியத்துக்குமேல் கடல்காற்று எழும் நாட்களில் அதுவும் இல்லை. அஞ்சலை எண்களைக் கேட்ட அடுத்த நாளே, எங்கள் அறிக்கைக்குக் காத்திருக்காமல், கரையில் ஆறு கழி நட்டுக் கிழிந்த வலையை இழுத்துக் கட்டிவிட்டார். மண் ஒட்டாது, மழை வந்தால் வலையோடு சுருட்டிக்கொண்டு ஓடலாம். பக்கத்து வீட்டுக்காரர்களும் கட்டினார்கள். பெட்டியை ஒருவரும் கேட்கவில்லை.

விழுப்புரத்தில் மாவட்டக் கண்காட்சி வந்தது. குழாய் வைத்த பெட்டியை எடுத்துக்கொண்டு போவதாக முடிவு. அட்டையில் எண்களை எழுதும்போது, நான்காவது வரிசையை, அதாவது வலையை, விட்டுவிடலாமா என்று நான் மெல்லக் கேட்டேன். பிள்ளைகளுக்கும் அந்த ஆசை இருந்தது. அவர்கள் பெட்டிக்கு அவ்வளவு அழகாக வண்ணம் அடித்திருந்தார்கள். பத்மாவதி அம்மா அட்டையைப் பார்த்தார். "நாலு தட்டுக்கு நான் எண்ணு படிச்சேன். மூணுதான் இருக்கு" என்றார் மெல்ல. நான்காவது வரிசையைத் தீபா எழுதினாள்.

கண்காட்சியில் எங்கள் மேசையைக் கழிவறைப் பக்கத்துக் கடைசியில் போட்டார்கள். வாசனைக்கு வாசனை பொருந்தும் என்று நினைத்தார்கள் போலும். மூன்று நடுவர்கள் வந்தார்கள். இருவர் தூரத்தில் நின்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். கண்ணாடி போட்ட ஒரு கல்லூரிப் பேராசிரியர் மட்டும் அட்டையை முழுக்கப் படித்தார். நான்காவது வரிசையில் விரலை வைத்தார்.

"ஏம்மா, வலையிலேயே இவ்வளவு நல்லா காயுதே. அப்புறம் இந்தப் பெட்டி எதுக்கு?"

நான் வாயைத் திறந்தேன். பத்மாவதி அம்மா என் பக்கம் திரும்பினார். மூடிக்கொண்டேன்.

சங்கீதா சொன்னாள்: "தேவையில்லைங்க சார். அது தேவையில்லன்னு தெரிஞ்சிக்கறதுக்குத்தான் செஞ்சோம்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். நமக்குத்தான் முதல் பரிசு என்று நான் கணக்குப் போட்டேன். முதல் பரிசு எரிமலைக்குப் போயிற்று. சோடா உப்பும் சிவப்புச் சாயமும் கக்கும் எரிமலை. எரிமலையே இல்லாத நம் மாவட்டத்தில் வருடந்தோறும் அதற்குத்தான் பரிசு. எங்களுக்குப் பங்கேற்புச் சான்றிதழ் வந்தது. அதில் சங்கீதாவின் பெயர் சங்கீத் என்று இருந்தது.

கௌரி இதைப் படித்ததும் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். இல்லை, சங்கீதா விஞ்ஞானி ஆகவில்லை. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். டாக்டர் எழுதிய அளவு சந்தேகமாக இருந்தால் போய்க் கேட்டுவிடுவாளாம். ஊருக்கு வந்தால் எனக்கு ஒரு பொட்டலம் நெத்திலி வரும். மண் இருக்காது.

கண்காட்சி முடிந்த அன்று மாலை விழுப்புரம் பேருந்து நிலையத்தில் பெட்டியோடு நின்றோம். பிள்ளைகள் இருவர், நான், பத்மாவதி அம்மா. பெட்டிக்குள் காட்சிக்கு வைத்த கருவாடு இருந்தது. திண்டிவனம் பேருந்தில் ஏறி, பெட்டியை முன்படிக்குப் பக்கத்தில் வைத்தோம். அவர் முன் இருக்கையில் உட்கார்ந்தார், நாங்கள் பின்னால். வண்டி புறப்பட்டதும் கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

"யாருதுங்க இந்தப் பொட்டி? ஒரே பேஜாரா கீது. எறக்கிடுங்க, யாருது?"

சங்கீதா குனிந்துகொண்டாள். கல்விப் பொருள், அரசுக் கண்காட்சி என்று நான் மனதுக்குள் ஒரு வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் முன்னாலிருந்து குரல் வந்தது. தாழ்ந்த குரல்தான், ஆனால் வண்டிக்கே கேட்டது.

"என்னுதுங்க. கருவாடு. லக்கேஜ் டிக்கெட் போட்டுக் குடுங்க."

கண்டக்டர் அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பத்மாவதி அம்மாவுக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி சடாரென்று திரும்பினார். மேல்சித்தாமூர்க்காரர், அவருக்குத் தங்கை முறை என்று பிறகு தெரிந்தது. என்னக்கா இது என்று கேட்டார். கேள்வி சின்னது, அதற்குள் ஒரு ஊரே இருந்தது. பத்மாவதி அம்மா அசையவில்லை. "எங்க பசங்க செஞ்சது. மண்ணு ஒட்டாம எப்படிக் காய வெக்கிறதுன்னு பாத்திருக்காங்க. சங்கீதா, இங்க வா, இவங்களுக்குச் சொல்லு" என்றார்.

சங்கீதா கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். பிறகு மணலிலிருந்து ஆரம்பித்தாள். மூடிய பெட்டி, துளை, குழாய், வலை என்று ஒவ்வொன்றாக வந்தாள். தீபா இடையிடையே எண் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண்மணி முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். விக்கிரவாண்டி தாண்டியும் கண்டக்டர் பின்பக்கம் போகவில்லை. அவர் மாமியார் வீடு கடலோரமாம்.

"வலையில போட்டா நெத்திலி எத்தினி நாள்ல காயும்மா?" என்று கேட்டார்.

"ஒன்றரை நாளுங்க" என்றாள் சங்கீதா.

பத்மாவதி அம்மா முன் கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தபடி, தலையைத் திருப்பாமலே சொன்னார்:

"ஒன்றரை இல்லம்மா. ரெண்டாம் நாள் பத்தரை மணிக்கே எடை கொறையறது நின்னுடுச்சு."